பந்து அசையும் முன்பே: லூக் கீக்லியின் எட்டு சீசன்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்பேக்கர், அதாவது தடுக்கும் அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர், என்றால் பாய்ந்து ஆளைச் சாய்ப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாய்ப்பது கடைசி வேலை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. என்எஃப்எல் லீகில் கரோலினா பாந்தர்ஸ் அணிக்கு ஆடிய லூக் கீக்லி அளவுக்கு அதை அழகாகச் செய்தவர்கள் குறைவு.

பாஸ்டன் காலேஜில் ஆடியவரை, அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் 2012 டிராஃப்டில் 9ஆவதாக எடுத்தார்கள். முதலில் ஓர லைன்பேக்கராக ஆடினார். நடு லைன்பேக்கர் ஜான் பீசனுக்குக் காயம்பட்டதும் நடுவுக்கு வந்தார். அந்த சீசனில் 164 டேக்கிள் (பந்தோடு வருபவரைச் சாய்ப்பது), லீகிலேயே அதிகம். அடுத்த ஆண்டே, 2013இல், லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது.

தடுக்கும் அணியில் ஒருவர் ஹெல்மெட்டில் மட்டும் பச்சைப் புள்ளி இருக்கும், உள்ளே ரேடியோ. பெரும்பாலும் அது நடு லைன்பேக்கருடையது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 விநாடி மீதமிருக்கும்போது பயிற்சியாளரின் குரல் நின்றுவிடும். பிறகு எதிரணி ஆட்களை இடம் மாற்றினால், அதற்கேற்பத் தன் ஆட்களை நகர்த்த வேண்டியது அவர்தான். எதிரணியின் ஆட்டத்தைப் பந்து அசையும் முன்பே கீக்லி கூவிச் சொல்வது ஒளிபரப்பு மைக்குகளிலேயே கேட்டிருக்கிறது.

நடு லைன்பேக்கர் நிற்கும் இடம், பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து 4, 5 யார்டு பின்னால். பார்க்க வேண்டியது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அல்ல, எதிரணி முன்வரிசையில் நடு ஆளின் இருபுறமும் நிற்கும் கார்டுகளை. அவர்கள் வழியாக, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை. கார்டின் தலை தாழ்ந்து முன்னே வந்தால் ஓட்டம். தலை நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ், அதாவது எறிவது. கார்டு பக்கவாட்டில் கிளம்பினால், பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். முதல் அடி குட்டையாக இருக்க வேண்டும். நீட்டி வைத்த அடி தப்பான திசையில் போய்விட்டால் மீட்க நேரமே இருக்காது.

ஓடுவதுபோல் காட்டிவிட்டு எறியும் பிளே-ஆக்‌ஷன் இங்கேதான் பலிக்கிறது. நல்ல அணிகளில் கார்டும் தாழ்ந்து பொய் சொல்வார். லைன்பேக்கர் இரண்டடி முன்னே வருவார், அவர் முதுகுக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கும் டைட் எண்ட் யாரும் காக்காமல் ஓடுவார். இதற்கு மருந்து வீடியோ பார்ப்பதுதான்: எத்தனையாவது டவுன் (முயற்சி), எத்தனை யார்டு தேவை, எந்த அணிவகுப்பு, அப்போதெல்லாம் இவர்கள் என்ன ஆடினார்கள்.

டாம்பா 2 என்ற பாஸ் தடுப்பு முறையில் நடு லைன்பேக்கர் பின்னோக்கி ஓடி ஆழத்து நடுப்பகுதியைக் காக்க வேண்டும். கனமானவர்களால் ஆகாத வேலை. 40 யார்டை 4.58 விநாடியில் ஓடியவர் கீக்லி. 2016 ஜனவரியில் சியாட்டில், அரிசோனா அணிகளுக்கு எதிரான இரு பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டங்களிலும் பந்தைப் பறித்து எதிரணி எல்லைக்குள் ஓடி டச்டவுன் எடுத்தார்.

டேக்கிளில் தோள் இடிக்க வேண்டும், தலை ஒதுங்கி இருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும். தலை குனிந்தால் கழுத்து நேராகி, அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும். 2018 முதல், ஹெல்மெட்டைத் தாழ்த்தி இடித்தால் 15 யார்டு தண்டனை.

முறையாக டேக்கிள் செய்பவரையும் மூளையதிர்ச்சி விடுவதில்லை. 2015, 2016, 2017 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கீக்லிக்கு அது வந்தது. 2016இல் கடைசி ஆறு ஆட்டங்கள் போயின. திரும்பி ஆட ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். இறுதியில் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும்.

2020 ஜனவரியில், சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌல் ஆட்டத்துக்கு ஏழு முறை தேர்வான நிலையில், 28 வயதில் விலகினார். சீக்கிரம் போய்விட்டார் என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எட்டு சீசன்களிலும் அவர் ஆட்டம் இறங்கவே இல்லை. அதே ஆண்டு பாந்தர்ஸிலேயே வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டாகச் சேர்ந்து, மறுபடி வீடியோ பார்க்க உட்கார்ந்தார்.