நல்ல கால் என்று நம்பியிருந்த கால்

எனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, 1971-இல், காய்ச்சலோடு வந்த இளம்பிள்ளை வாதம் (போலியோ) வலது காலைச் சூம்ப வைத்தது. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் கருவியை மாட்டிக்கொண்டு பள்ளி முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்தேன். இருபத்தைந்து ஆண்டுகள், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், இடது காலால்தான் பெடலை மிதித்தேன். 2019-இல் அந்த இடது கால் படியேறத் தடுமாறத் தொடங்கியது. மாலைக்குள் உடம்பே துவண்டது. மார்கழிக் குளிரில் இரு பாதங்களும் நீலம் பாரித்தன.

ஒரு மருத்துவர் சர்க்கரை என்றார். இன்னொருவர் முதுகுத்தண்டில் தேய்மானம் என்றார். தசை வலுப்பெற வேண்டுமென்று பயிற்சியாளர் காலில் எடை கட்டித் தூக்கச் சொன்னார். முனைப்பாகச் செய்த ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் எழ முடியாமல் கிடந்தேன். வீட்டிலோ அதைச் சோம்பல் என்று எண்ணினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் எவரும் பாதிக்கப்படாத நாட்டில், பழைய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் குறைந்துவருகிறார்கள்.

இரண்டாண்டுகள் கழித்துக் கோவையில் பார்த்த நரம்பியல் மருத்துவர், அதுவரை எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "அப்ப ரெண்டு காலுமே விழுந்துச்சுங்களா?" எனக்குத் தெரியாததால் அம்மாவைப் போனில் அழைத்துக் கேட்டேன். "மொதல்ல ரெண்டுமே வுழுந்துருச்சு சாமி. எடது காலு ஒரு மாசத்துல தேறிக்கிச்சு" என்றார். ஐம்பது ஆண்டுகளில் இதை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

தைராய்டு, முதுகுத்தண்டு ஸ்கேன் என ஒவ்வொன்றாக விலக்கிய பின், தசையில் ஊசி செருகிச் செய்யும் மின் பரிசோதனை இடது காலிலும் பழைய நரம்புச் சேதத்தைக் காட்டியது. நோயின் பெயர் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். முதல் தாக்குதலில் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் பல மடிய, எஞ்சியவை புதுக் கிளைகள் விட்டு, துணையிழந்த தசை நார்களையும் சேர்த்து இயக்கியிருக்கின்றன. அந்தக் கூடுதல் சுமையில் பல பத்தாண்டுகள் கழித்து அக்கிளைகளே உதிர்வதாகக் கருதுகிறார்கள். இது மற்றவருக்குத் தொற்றாது. இதைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. களைப்பு வரும் முன்பே நிறுத்துவதுதான் எனக்குச் சொல்லப்பட்ட வைத்தியம். தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட்டில் பிழைப்பவனுக்கு அதைவிடக் கசப்பான மருந்து இருக்க முடியாது.

பழைய அடையாள அட்டையில் வலது காலின் ஊனம் மட்டுமே பதிவாகியிருந்தது. மறுமதிப்பீட்டுக்காகத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மருத்துவ முகாமுக்கு மூன்று முறை அலைந்தேன். அலைச்சலே களைப்பைக் கூட்டியது. இப்போது செக்கிங் மேசையில் ஒரே ஷிப்ட், கூலி பாதிக்கும் கீழ். மதியம் அரை மணி நேரம் துணிக் கட்டின் மேல் படுக்க முதலாளி சம்மதித்திருக்கிறார். இடது காலுக்கும் காலிப்பர் அளவெடுத்தாயிற்று. அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.