காப்பகம் இருந்தும் ஏன் வருவதில்லை?

சென்னை பிளாட்பாரங்களில் தூங்கும் வீடற்றவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அதிகாரிகளிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "காப்பகம் இருக்கு, கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க." காலிக் கட்டில்களைக் காட்டி, புதிய காப்பகம் தேவையில்லை என்று கோப்பையும் மூடிவிடலாம். அவர்கள் வராததற்குக் காரணம் பெரும்பாலும் காப்பகத்தை நடத்தும் விதத்திலேயே இருக்கிறது.

விதிகளில் பெரிய குறையில்லை. 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலையில் ஒரு தற்காலிகத் தங்குமிடத்தை இடித்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், அதுவும் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற உத்தரவுகள் 2010 முதல் வந்தன. 2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம், ஒருவருக்கு 50 சதுர அடி. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 67 லட்சம். அந்தக் கணக்குப்படி 100 பேர் தங்கும் காப்பகங்கள் 67 வேண்டும்.

பணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 பேர் காப்பகத்தின் நடைமுறைச் செலவுக்குத் திட்டம் ஒதுக்கியது ஆண்டுக்கு ₹6 லட்சம், அதுவும் 5 ஆண்டுகளுக்கு. மாதம் ₹50,000. தலைக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய். 24 மணி நேரமும் திறந்திருக்க மூன்று ஷிப்டுக்கு மூன்று காப்பாளர்களாவது வேண்டும். ஆளுக்கு ₹12,000 கொடுத்தாலே ₹36,000 போய்விடும். மிச்சம் ₹14,000இல் கரண்ட், தண்ணீர் லாரி, பினாயில், பாய், போர்வை, பழுதான மோட்டார் எல்லாம். பெரும்பாலும் முதலில் வெட்டு விழுவது ஆள் சம்பளத்தில். பகல் ஷிப்டுக்கு ஆளில்லாமல் போனால் காலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டிவிடுவார்கள். காய்கறி மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்கிய லோடுமேன் தூங்க வருவதோ காலை எட்டு மணிக்கு. அவருக்கு இந்தக் காப்பகத்தால் என்ன பயன்?

அடுத்தது இடம். 50 பேருக்கு 2,500 சதுர அடி வேண்டும். வேலை கிடைக்கும் பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் அவ்வளவு இடம் லேசில் கிடைக்காது. எங்கோ மூடிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தைப் பிடித்து வெள்ளையடித்துத் திறந்துவிடுகிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் விடியற்காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஆகவே வேலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். காப்பகம் இருக்க வேண்டியது அவர்கள் படுக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்.

குடும்பங்களின் பாடு இன்னும் மோசம். சென்னை பிளாட்பாரங்களில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒன்று என்று பிரித்தால் அப்பா ஒரு பக்கம், அம்மாவும் மகளும் ஒரு பக்கம், பதினைந்து வயது மகன் எங்கே? அடுப்பு, பாத்திரம், பூக்கூடை, ட்ரைசைக்கிள் இவற்றை யார் பார்ப்பது? லாக்கர் என்ற பெயரில் ஒன்றரை அடிப் பெட்டி கொடுத்தால் அதில் ட்ரைசைக்கிள் ஏறாது. குடும்பக் காப்பகத்துக்குத் திட்டத்திலேயே இடமிருந்தும் அதைக் கேட்டு வாங்கியோர் குறைவு. மாற்றாகச் சொல்லப்படும், பெரும்பாக்கம் அரசு மறுகுடியமர்வுக் குடியிருப்பு வீடு பாரிமுனையிலிருந்து சுமார் 25 கி.மீ. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் பூ வாங்கப் போக வேண்டிய அதிகாலையில் பஸ் வேண்டுமே!

பயமும் ஒரு காரணம். பிச்சை எடுத்தலைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. இரவில் வேன் வந்து நின்றால் அது காப்பகத்துக்கா, பிச்சை எடுத்ததாகப் பிடித்தவர்களை வைக்கும் மேல்பாக்கம் முகாமுக்கா என்று படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? போலீஸ் இல்லாமல், அந்தப் பகுதியில் முகம் தெரிந்த ஒருவரை வைத்து, ஒரே ஆளிடம் நாலைந்து முறை பேசினால்தான் நம்பிக்கை வரும். மனநலம் பாதித்தவர்களுக்குப் பாதை வேறு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

கணக்கெடுப்பு இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. 2011 சென்சஸ் நாடு முழுக்க 17.7 லட்சம் வீடற்றோர் என்றது. ஒரே ஒரு ராத்திரியில், பிப்ரவரி 28 அன்று எடுத்த கணக்கு அது. அன்று இரவு வேலையில் இருந்தவர், ஆஸ்பத்திரி வளாகத்தில் நோயாளியின் துணைக்கு வந்தவர்போல ஒதுங்கிப் படுத்த பெண் போன்றவர்கள் இதில் தவறிவிடுவார்கள். மார்க்கெட் பகுதியில் பகலிலும் எண்ண வேண்டும், மற்ற இடங்களில் தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகளாவது.

காப்பகத்தில் ஒருவர் சேர்ந்ததும் படுக்கைக்கு அடுத்து பார்க்க வேண்டியது ஆவணம். ஆதாருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றே முகவரிக்குப் போதும். பிளாட்பாரத்திலேயே இருப்பவரும் படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தை எழுதி வாக்காளர் பட்டியலில் சேரலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்துவிட்டால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பகலில் வந்து "ஆள் இல்லை" என்று எழுதி மனுவைத் திருப்பினால், எந்தெந்த இரவு வந்து பார்த்தார் என்று எழுத்தில் கேளுங்கள்.