இறந்தவரின் பெயரில் ஒரு புதுவாழ்வு

“எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கண்காணாத இடத்துக்குப் போய்விடலாம்” என்று ஒருமுறையேனும் அலுத்துக்கொள்ளாத மனிதரை நான் சந்தித்ததில்லை. அப்படிச் சொல்வோரில் நானும் ஒருவன். சொல்வதோடு நில்லாமல் உண்மையிலேயே போய்விட்ட ஜான் ஸ்டோன்ஹவுஸின் வரலாறு, அதனாலேயே என்னை விடாமல் ஈர்க்கிறது.

அவர் பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர். 1968இல் அஞ்சல் துறைக்குப் பொறுப்பான அமைச்சரானவர். 1971இல் வங்காளதேச விடுதலைக்காக லண்டனில் உரத்துக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். அதில் கிடைத்த நற்பெயரையே முதலாக வைத்து, பிரிட்டன்வாழ் வங்காளிகளை நம்பி ஒரு வங்கியைத் தொடங்கினார். வங்கியும் அவருடைய பிற நிறுவனங்களும் கடனில் மூழ்கின. கணக்குகளைப் பற்றிய கேள்விகள் நெருங்கின. மணவாழ்க்கைக்கு வெளியே தம் செயலாளருடன் உறவும் இருந்தது.

1974 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உடைகளைக் களைந்து வைத்துவிட்டு மறைந்தார். கடல் கொண்டுபோய்விட்டது என்று உலகம் நம்ப வேண்டும் என்பது திட்டம். மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அவர் விட்டுச்சென்றது அந்தச் செய்தியை மட்டுமே.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடற்கரையில்தான் தொடங்குவார்கள். எனக்கோ அதற்குச் சில மாதங்கள் முன்பு, அவருடைய தொகுதியான வால்சாலில் நடந்ததுதான் முக்கியம். புதிய மனிதனாவதற்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொண்டு கடவுச்சீட்டு வாங்க வேண்டும். தம் வயதையொட்டி அண்மையில் இறந்த இருவரை அவர் தேடிப் பிடித்தார். விதவைகளுக்கான உதவித்தொகையைப் பற்றி ஆராய்வதாகச் சொல்லி, அவர்களுடைய மனைவியரைச் சந்தித்து வேண்டிய விவரங்களைப் பேச்சுவாக்கில் கறந்துகொண்டார். தங்கள் குறையைக் கேட்க எம்.பி.யே வீடு தேடி வந்திருக்கிறார் என்று அந்தப் பெண்கள் எண்ணியிருக்கக்கூடும். அவர் மீது எனக்கு எழும் பரிவெல்லாம் இந்த இடத்தில் வற்றிவிடுகிறது.

நம் நாட்டிலும் பழைய வாழ்வைத் துறப்பதற்கு ஒரு முறை உண்டு. துறவு பூணுபவர் தமக்குத் தாமே ஈமக் கடன் செய்து, பெயரையும் உடைமையையும் ஊரறிய விடுகிறார். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், துணைவர் துறவியாகிவிட்டால் அதை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாகவே ஏற்கிறது. ஸ்டோன்ஹவுஸோ பெயரை மட்டும் விட்டார், பணத்தை விடவில்லை.

அந்தப் பணம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு வங்கியில் ஒரு பெயரிலும், வேறொரு வங்கியில் மற்றொரு பெயரிலும் அவர் கணக்கு வைத்திருந்ததை வங்கி ஊழியர் ஒருவர் கவனித்துவிட்டார். காவல்துறை பின்தொடர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நவம்பரில் லண்டனில் கொலைப்பழிக்கு ஆளாகித் தலைமறைவான லூகன் பிரபு இவர்தானோ என்று அவர்கள் முதலில் ஐயுற்றார்கள். டிசம்பர் 24 அன்று பிடித்ததும், லூகனுக்குரிய தழும்பு காலில் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். புதுவாழ்வு ஐந்து வாரங்கள்கூட நீடிக்கவில்லை.

பழைய ஆளுமை நொறுங்கி, அதற்கு இணையாக வேறோர் ஆளுமை தமக்குள் உருவானதாக 1975இல் நாடாளுமன்றத்தில் அவர் விளக்கம் சொன்னார். மனம் உடைந்திருந்தது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் மாதக்கணக்கில் சான்றிதழும் கணக்கும் திரட்டிய அந்த நிதானத்தை மனமுடைவு என்று மட்டும் ஒதுக்க என்னால் முடியவில்லை. நீதிமன்றமும் ஏற்காமல், 1976இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

1979இல் விடுதலையாகி, 1981இல் அதே செயலாளரை மணந்து, நாவல்கள் எழுதினார். தேடிய மறுவாழ்வு எந்த அளவுக்குக் கிடைத்ததோ, அதுவும் சொந்தப் பெயரில்தான் கிடைத்தது. 1988 மார்ச்சில், காணாமல்போனவர்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றபோது மயங்கி விழுந்தார்; அடுத்த மாதம் காலமானார்.