நான்கு மில்லிமீட்டர் வெளிச்சம்

நான் கட்டும் சிறு விமானத்தின் வாலில், மூக்கை இடமும் வலமும் திருப்பும் சுக்கானின் பின்விளிம்பு நெடுக ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். இரு முனைகளிலும் நூல் தகட்டைத் தொட்டது. நடுவில் நான்கு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“எவ்வளவு வளையலாம் என்று கையேட்டில் இருக்கிறது?”

“இரண்டரை மில்லிமீட்டர், அண்ணா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் லேத் முன்னால் நின்றவர் அவர். அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும்.

நான் கட்டிக்கொண்டிருப்பது வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7. பாகங்களை வாங்கி நாமே கட்டிக்கொள்ளும், இருவர் அருகருகே உட்காரும் சிறு விமானம். எல்லோரையும் போல நானும் வாலிலிருந்துதான் தொடங்கினேன். வாலின் அசையாத பாகங்களான கிடைமட்டச் சிறகும் செங்குத்துச் சிறகும் ஓரளவு எளிதாகவே முடிந்தன. அவற்றின் மேல்தகடு 0.8 மில்லிமீட்டர், கை சற்றுத் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். அசையும் பாகங்களான சுக்கானுக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர்களுக்கும் தகடு அதில் சரிபாதி, வெறும் 0.4 மில்லிமீட்டர். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் காகிதம் போல அலையடிக்கும். இவ்வளவு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் அன்று. கீலுக்குப் பின்னால் ஏறும் எடையை எல்லாம் கீலுக்கு முன்னால் ஈயம் வைத்து ஈடுகட்ட வேண்டும். அதனால் பின்புறம் எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது.

மெல்லிய தகடு தானாக விறைப்பாக நிற்காது. உள்பக்கத்தில் ‘ட’ வடிவில் மடித்த விறைப்புப் பட்டைகளை வரிசையாக வைத்து ரிவெட் அடிக்கிறோம். ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் பிசிறு எடுத்து, ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமரும்படி குழி பதிக்க வேண்டும். பிசிறு எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனால் உலோகத்தில் விரிசல் பெரும்பாலும் துளையின் ஓரத்தில்தான் பிறக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தச் சலிப்பு போய்விட்டது.

பட்டைகளைப் பின்பக்கமிருந்து அடிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரிவெட்டுகளை வெளிப்புறமிருந்து செருகி, தலைகள் நழுவாமல் நாடா ஒட்டி, தகட்டைக் கவிழ்த்து ஒரு கனத்த எஃகுப் பலகையின் மேல் வைக்கிறோம். காற்றுச் சுத்தியல் ரிவெட்டின் வாலை அடிக்கிறது. தலை எஃகில் படிந்திருப்பதால் வெளிப்புறம் கண்ணாடி போல வருகிறது. 2.4 மில்லிமீட்டர் ரிவெட்டின் வால் நசுங்கி 3.6 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட வில்லையாக வேண்டும். முதல் நாள் ஒவ்வொன்றையும் அளந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் சொன்னார்: “அளக்காதே, கேள். ரிவெட் உட்கார்ந்ததும் சத்தம் மாறுகிறது.” உண்மைதான். தளர்ந்த ஓசை சட்டென்று இறுகுகிறது. அதன் பிறகும் பத்தில் ஒன்றை அளந்துகொண்டுதான் இருந்தேன். காதை நம்புவதற்கு நாள் வேண்டும்.

இடது எலிவேட்டரில் ஒரே ஒரு ரிவெட் எஃகுப் பலகையின் ஓரத்தைத் தாண்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அடித்தேன். அடியில் எஃகு இல்லை, மர மேசைதான் இருந்தது. தகட்டில் நாணயம் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. அதைத் தட்டி, மட்டத்துக்கு அருகே கொண்டுவந்துவிட்டேன். அது பறப்பதைப் பாதிக்காது. இப்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விரலால் பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

எலிவேட்டரின் மேல்தகடு ஒரே துண்டு. பின்விளிம்பில் புத்தகம் போல மடிய வேண்டும். மடிப்பதற்கு முன் பட்டைகளின் பின்முனைகளில் சிலிக்கோன் பசையை ஒவ்வொரு உருண்டையாக வைக்கிறோம். மடித்ததும் அது மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். புரொப்பெல்லரிலிருந்து வரும் காற்று தகட்டை ஓயாமல் அதிரவைக்கும்போது, பட்டையின் முனையில் விரிசல் விடாமல் காப்பது அந்த உருண்டைதான். மூடிய பிறகு அது யார் கண்ணிலும் படாது.

சுக்கானில் அப்படி இல்லை. அதற்கு இடமும் வலமும் தனித்தனித் தகடுகள். நடுவே ஆப்பு வடிவ அலுமினியத் துண்டை வைத்து மூன்றையும் சேர்த்து ரிவெட் அடிக்க வேண்டும். இருபுறமும் சமமாக அமர வேண்டும் என்பதால் வாலும் குழிக்குள்ளேயே நசுங்க வேண்டும். நான் செய்த பிழை, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வரிசையாக அடித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு ரிவெட்டும் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை இம்மியளவு விரிக்கிறது. எல்லா அடியும் ஒரே பக்கமிருந்து, ஒரே திசையில் விழுந்ததால் அந்த இம்மிகள் சேர்ந்து விளிம்பை வளைத்துவிட்டன. வளைந்த பின்விளிம்பு, நிரந்தரமாக ஒரு பக்கம் திருப்பிவைத்த டிரிம் டேப் (விமானத்தின் சாய்வைச் சரிசெய்ய விளிம்பில் வைக்கும் சிறு மடல்) போன்றது. விமானி கால் வைக்காமலே மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையால் நெருக்கி நிமிர்த்தலாமா என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் புதிய தகடுகளுக்கும் ஆப்புக்கும் ஆர்டர் அனுப்பினேன்.

இரண்டாம் முறை ஆப்பின் இருபுறமும் எபாக்ஸி தடவினேன். நேரான ஒரு அலுமினியக் கோணச்சட்டத்தில் அதே இடைவெளியில் துளையிட்டு, பின்விளிம்பை அதோடு சேர்த்துக் கிளீக்கோக்களால், அதாவது துளையில் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஊசிகளால், இறுக்கினேன். பசை முழுவதும் இறுகும் வரை யாரும் அந்த மேசைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பிறகு ரிவெட்டுகளை வரிசையாக அடிக்கவில்லை. நடுவில் ஒன்று, பிறகு முனைகளில், பிறகு இடைவெளிகளின் நடுவில் என்று பரப்பி அடித்தேன். முதல் சுற்றில் பாதி மட்டுமே நசுக்கி, சுக்கானைத் திருப்பிப் போட்டு மீதியை முடித்தேன். நூலைக் கட்டியபோது நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

எலிவேட்டர்கள் இரண்டையும் கிடைமட்டச் சிறகில் மாட்டிப் பார்த்தது போன வாரம். இரண்டுக்கும் உள்முனையில் எஃகுக் கொம்பு ஒன்று உண்டு. இரு கொம்புகளையும் ஒரே போல்ட்டில், விமானியின் கட்டுப்பாட்டை வாலுக்குக் கொண்டுவரும் ஒரே தள்ளுதண்டோடு கோக்கும் துளையை நாமே இட வேண்டும். அந்தத் துளையை இடும் முன் நான் படித்தது 1916ஆம் ஆண்டைப் பற்றி. அப்போது ஹேண்ட்லி பேஜ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் பறக்கும்போதே கடுமையாக முறுக்கி அதிர்ந்தது. அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர், இடது, வலது எலிவேட்டர்கள் தனித்தனிக் கம்பிகளால் இயங்கியதால் ஒன்றுக்கொன்று எதிராக ஆட முடிந்தது என்று கண்டார். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைக்கும்படி சொன்னார். பின்னர், 1920களின் தொடக்கத்தில், ஹாலந்தைச் சேர்ந்த பௌம்ஹவரும் கோனிங்கும் கீலுக்கு முன்னால் எடை வைத்துச் சமன் செய்தால் இந்த ஆட்டத்தைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள். என் மேசைமேல் இருந்த போல்ட்டும் ஈயக்கட்டியும் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்ததும், அவற்றைக் கையில் எடுத்த விதமே மாறிவிட்டது.

இரு எலிவேட்டர்களையும் சிறகோடு ஒரே மட்டத்தில் சட்டம் வைத்துப் பூட்டி, இரண்டு முறை சரிபார்த்து, சிறிய துளையிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்கினேன். போல்ட் உள்ளே நழுவிச் சென்றது. பூட்டை எடுத்து, ஒன்றை அசைத்தேன். மற்றதும் கூடவே அசைந்தது.

கையை விட்டதும் ஈயம் இருந்த முன்முனை மெல்லத் தாழ்ந்தது. வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை. ஈயத்தில் துளையிட்டுக் குறைத்துவிடலாமா என்று கேட்டேன்.

“வர்ணம் எங்கே பூசப் போகிறாய்?”

“முழுக்க. பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான்.”

“அப்படியானால் இப்போது தொடாதே” என்றார் அண்ணன். ஈயத்தின் மேல் பென்சிலால் தேதியை எழுதிவிட்டு, இரண்டையும் கழற்றி, துணி சுற்றி அலமாரியில் வைத்தோம்.