பென்சில் தடவிய கிரிஸ்டல்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டு விழாவையும் நாடகத்தையும் மற்றவர்கள் எழுதுவார்கள். என் நினைவில் நிற்பது இயற்பியல் ஆய்வகத்தின் பின் அலமாரியில் இருந்த ஒரு தகரப் பெட்டி.

உள்ளே, இரண்டாம் உலகப் போர்க்கால வானொலிக் கருவிகளுக்கான குவார்ட்ஸ் கிரிஸ்டல்கள். எஃப்டி-243 என்ற வகை. கறுப்பு பேக்கலைட் கூடு, கீழே இரண்டு கால், முகப்பில் மூன்று திருகாணி. கழற்றினால் ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடு, நடுவே கண்ணாடி போன்ற மெல்லிய சில்லு.

"கண்ணாடி இல்லடா, கல்லு" என்பார் சார். அழுத்தினால் இந்தக் கல் மின்னழுத்தம் தரும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். திருப்பி மின்னழுத்தம் கொடுத்தால் கல் நெளியும். எவ்வளவு வேகமாக அதிரும் என்பதைத் தடிமன்தான் முடிவுசெய்யும். 7 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதில் ஒரு மைக்ரான் தேய்ந்தாலே அதிர்வெண் 30 கிலோஹெர்ட்ஸ் ஏறிவிடும்.

இதைக் கேட்டதும் எங்களுக்குக் கை பரபரத்தது. 7010 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்திருந்த ஒன்றை 7015க்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம். 7015 கிரிஸ்டல் பெட்டியிலேயே இருந்தது. இரண்டையும் தனித்தனி ஆசிலேட்டரில், அதாவது கல்லை அதிரவைக்கும் மின்சுற்றில், ஓடவிட்டு ரேடியோவில் கேட்டால், அதிர்வெண் வித்தியாசம் கீச்சென்ற விசிலாக வரும். கண்ணாடிப் பலகையில் உராய்ப்புப் பொடியும் நீரும் விட்டு, விரல் நுனியால் சில்லை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, விளிம்பில் மட்டும் பிடித்துக் காயவைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் கல் ஊமையாகிவிடும். அன்று சோப்பு தீர்ந்தது தனிக் கதை.

ஒவ்வொரு தேய்ப்புக்கும் விசில் இறங்கியது. உறுமலானது. அப்புறம் இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு என்றேன் நான். மாட்டிக் கேட்டால் விசில் மறுபடி ஏறியிருந்தது. எல்லையைத் தாண்டிவிட்டோம். தேய்த்த கல்லை எப்படித் திரும்ப ஒட்டுவது?

சார் திட்டவில்லை. சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்துச் சில்லின் நடுவில் லேசாகத் தடவினார். கிராஃபைட்டின் எடை ஏற, அதிர்வெண் இறங்கியது. விசில் தாழ்ந்து தாழ்ந்து, கிட்டத்தட்ட ஓசையே இல்லாமல் போனது. "ரொம்பத் தடவினா அதிரவே அதிராது" என்று பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

பள்ளியை விட்டுப் போகும்போது அந்தக் கிரிஸ்டலை எனக்கே கொடுத்துவிட்டார். நாடு மாறி, வீடு மாறி, இன்னமும் என்னிடம் இருக்கிறது. கையில் கட்டும் கடிகாரத்திலும் குவார்ட்ஸ்தான், நொடிக்கு 32,768 அதிர்வு. ஆனால் அதைத் திறந்து தேய்க்க வழியில்லை. போன மாதம் பழைய கூட்டின் மூன்று திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தேன். சில்லின் நடுவில் சாம்பல் நிறத் தீற்றல் அப்படியே இருந்தது. கழுவாமல் மூடிவிட்டேன்.