குமிழி நிற்கட்டும்

காரைக்குடியில் ஒரு புது வீட்டு மாடி. சென்ட்ரிங் மேல் கம்பி கட்டியாச்சு. கம்பிக் கட்டங்களுக்குள் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக முகம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் இடித்த பழைய வீட்டு ஓடு.

கீழே தொட்டியில் ஊறும் ஓடுகளிலிருந்து இன்னும் குமிழி வருகிறது. கொத்தனார் எடுக்க விடவில்லை.

"குமிழி நிக்கட்டும் தம்பி."

விவரமான ஆள். காய்ந்த ஓட்டை வைத்தால் கான்கிரீட்டில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஓட்டைச் சுற்றிக் கலவை சரியாக இறுகாது.

இதுதான் ஃபில்லர் ஸ்லாப்: கான்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதில் ஓடு வைத்து வார்க்கும் தளம். கேரளாவில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கியது.

தளம் வளையும்போது மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில்தான் ஓடு. இரண்டு ஓட்டுக்கும் நடுவில் அடைபடும் காற்று, செட்டிநாட்டு வெயிலைக் கொஞ்சம் தடுக்கும்.

ஓட்டுக்கு மேல் குறைந்தது 2 அங்குலம் கான்கிரீட் வேணும். சுவர், பீம் ஓரங்களில் ஓடு கூடாது; தளத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டுவிசை அங்கேதான் அதிகம். பால்கனி மாதிரி நீட்டி நிற்கும் தளத்துக்கு இந்த வேலையே வேண்டாம், அங்கே இழுவை மேலே இருக்கும்.

கான்கிரீட்டை மிச்சம்பிடிக்க ஆசைப்பட்டு ஓடுகளை நெருக்கி வைப்பவர்கள் உண்டு. கம்பியைச் சுற்றிக் கலவை இறங்காது, பிறகு துரு.

ஃபேன் கொக்கியையும் ஒயர் பைப்பையும் இன்றைக்கே கம்பியோடு கட்டிவிடணும். நாளைக்கு டிரில் போட்டால் ஓட்டில்தான் இறங்கும்.