பசலி 1386

பட்டா மாறுதலுக்காகத் தாத்தாவின் தகரப்பெட்டியைக் குடைந்தபோது ஒரு தீர்வை ரசீது கிடைத்தது. மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே பசலி 1386 என்றிருந்தது. ஒரு நிமிடம் அறுநூறு வருடத்துக் காகிதம் என்றே நினைத்துவிட்டேன். பெரியப்பாதான் சிரித்தார். "590-ஐக் கூட்டுடா." கூட்டினால் 1976. ஜூலையில் தொடங்கி மறு ஜூனில் முடிகிற நிலவரி வருடம்.

பசலி வந்தது ஃபஸ்ல் என்ற அரபிச் சொல்லிலிருந்து. பருவம் என்று பொருள், இங்கே அறுவடைக் காலம். ஹிஜ்ரி வருடம் நிலாக் கணக்கு, சூரிய வருடத்தைவிடப் பதினோரு நாள் குறைவு. அதன்படி வரி கேட்டால், சில வருடங்களில் கதிர் முற்றும் முன்பே கிஸ்திக்கு ஆள் வந்து நிற்பான். அதனால் அக்பர் காலத்தில் வரிக்கென்று தனியாகச் சூரியக் கணக்கு வைத்தார்கள். அக்பர் போய், வெள்ளைக்காரனும் போய், தாலுகா ஆபீஸில் பசலி மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

கிஸ்தியும் அரபிதான், தவணை என்று பொருள். வசூல் என்றால் வந்து சேர்வது. (சேராததுதான் பாக்கி, அதுவும் அரபி.) தாசில்தாரில் 'தாசில்' அரபி, 'தார்' பாரசீகம்.

புறம்போக்கு மட்டும் நம்முடையது. வரிக்கணக்கிலிருந்து புறத்தே போனது, அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் இறையிலி என்று கழித்துவிட்டுத்தான் மிச்ச நிலத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள். ஊருக்கே பொதுவான இடத்தின் பெயர் எப்படித் திட்டுகிற வார்த்தையானது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாடு மேய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதானே!

அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கின் பெயரும் தமிழ்தான். எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிர் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் எண்ணுக்கு நேரே முன்பெல்லாம் நிலக்கடலை என்றிருக்கும். இந்தத் தடவை எடுத்த நகலில் 'தரிசு' என்றிருந்தது. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ரசீதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.